கேஸைக் கடைசியில் பாருங்கள்

பங்குனி பிறந்தால் போதும், நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்து ஏசி மெக்கானிக்குகளுக்கு வருகிற போன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "மெஷின் ஓடுது, காத்து வருது, கூலிங்தான் இல்ல." அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "கேஸ் போயிருச்சு போல அண்ணாச்சி, வந்து போட்டு விட்டுருங்க" என்று வைத்தியத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். தொழில் செய்கிறவர்களில் பலரும் இதை மறுப்பதில்லை. கேஜை மாட்டி, முள் இறங்கியிருப்பதைக் காட்டி, சிலிண்டரைக் கொஞ்சம் திறந்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. இந்தக் கரிசல் காட்டில் கூலிங் குறைகிற வீட்டு ஏசியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளி யூனிட்டின் முதுகில் படிந்திருக்கும் தூசியை. அடுத்தது உள் யூனிட்டின் அழுக்கு, அதற்கடுத்தது கரண்ட். கேஸ் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும். மண், காற்று, வெள்ளாமை, மின்சாரம் என இந்த ஊரின் நிலைமை எல்லாமே இந்த வரிசைக்குச் சாட்சி சொல்கின்றன.

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். உள் யூனிட்டின் காயிலில் கேஸ் குறைந்த அழுத்தத்தில் கொதித்து அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி, இன்னும் சூடாக்கி வெளி யூனிட்டுக்குத் தள்ளுகிறது. அங்கே ஃபேன் இழுக்கும் காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு கேஸ் திரவமாகித் திரும்புகிறது. சுற்றிச் சுற்றி வருவது அதே கேஸ்தான். எரிந்து தீர்கிற பொருள் அல்ல. செம்புக் குழாயில் எங்கும் ஓட்டை விழாதவரை, கம்பெனியில் அடைத்த எடை பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். ஆகவே வருஷம் ஒருமுறை கேஸ் டாப்-அப் என்று ஒரு வேலையே கிடையாது. கமலையில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் மாடு எத்தனை நடை நடந்தாலும் தண்ணீர் பாத்திக்குப் போகாது, கிணற்றடியிலேயே தேங்கும். வெளி யூனிட்டில் காற்று அடைபட்டால் வெப்பமும் அப்படித்தான், போக வழியில்லாமல் கம்ப்ரஸரிலேயே நிற்கும்.

அந்த அடைப்பு இங்கே எப்போது விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இது மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்து, தையிலும் மாசியிலும் அறுக்கிறோம். உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், மல்லி எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் களத்துக்கு வந்துவிடும். களம் போதாமல் தார் ரோட்டிலேயே பரப்பி வண்டிச் சக்கரம் ஏறி உதிர்வதும் உண்டு. உளுந்தம் பொட்டு, கம்பின் சுணை, மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் துப்புகிற சக்கை, இவையெல்லாம் ஊருக்கு மேலே மிதக்கிற நாட்கள் அவை. வீட்டு ஏசி அப்போது ஓடுவதில்லை. பனிக்காலத்தில் யார் போடுவார்கள்? ஆனால் வெளி யூனிட் மாடியிலோ சுவரிலோ திறந்தே கிடக்கிறது, வருகிற தூசியையெல்லாம் வாங்கிக்கொண்டு. அறுப்பு முடிந்த கையோடு பங்குனி வெயில் வருகிறது, ஏசியைப் போடுகிறார்கள். ஃபேன் இழுத்த வேகத்தில் மேலாகக் கிடந்த பொட்டும் சுணையும் தகடுகளுக்கு நடுவே போய் இறுகிவிடுகின்றன. பங்குனி முதல் வாரத்தில் புகார்கள் குவிவதற்குக் காரணம் ஊரிலுள்ள எல்லா ஏசிகளிலும் ஒரே வாரத்தில் ஓட்டை விழுந்தது என்று நம்புவதைவிட, மாசி மாதக் களத்தைக் காரணம் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

கரிசல் மண்ணுக்கென்று ஒரு குணமும் இருக்கிறது. களி மிகுந்த, மாவு போன்ற நுண்மண் இது. காய்ந்தால் வெடித்துத் தூளாகும், நனைந்தால் பசை போல ஒட்டும். செம்மண் தூசி தட்டினால் உதிர்ந்துவிடும். கரிசல் தூசியில் கொஞ்சம் ஈரம் பட்டால் தகட்டோடு பிடித்துக்கொள்ளும். இதோடு சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போடும் ஊர்களில் புகைக்கரியும் சேர்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது இன்னொரு சுற்றுத் தூசி. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காற்றுக்கு இன்னொரு சேட்டையும் உண்டு. ஃபேன் மேற்கே பார்த்து ஊதுமாறு வெளி யூனிட்டை வைத்திருந்தால், அது தள்ளுகிற சூட்டுக் காற்றை மேல்காற்று எதிர்த்து உள்ளேயே திருப்பித் தள்ளும். யூனிட்டை மாட்டும்போது ஏணிக்கு எங்கே வசதி, குழாய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறவர்கள் காற்றின் திசையைப் பார்ப்பதே இல்லை.

"வெளி யூனிட் சுத்தமாத்தானே இருக்கு" என்று வீட்டுக்காரர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது முன்பக்கம், ஃபேன் ஜாலி. அது காற்று வெளியேறுகிற வழி. காற்று நுழைவது பின்பக்கமும் ஒரு விலாவும். அங்கேதான் தகடுகள் இருக்கின்றன, ஒரு அங்குலத்துக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல், தாளைப் போல மெல்லிசாக. அந்தப் பக்கம் சுவரை ஒட்டி, ஒரு சாண் சந்துக்குள் இருக்கும். டார்ச் அடித்துத் தலையைச் சாய்த்தால்தான் கண்ணில் படும். அடைத்த காயில் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தின மாதிரி ஒரே பரப்பாகத் தெரியும், தகடுகளின் கோடே தெரியாது. ஒரு குச்சியால் மேலிருந்து கீழே மெல்ல இழுத்தால் அந்தக் கம்பளி ஒரே துண்டாக உரிந்து வரும், உள்ளே நீலத் தகடு பளிச்சென்று நிற்கும். திருட்டுக்குப் பயந்து செய்த கம்பிக் கூண்டு, வெயிலுக்கு மறைப்பாக நெருக்கிக் கட்டிய தகரம், மழைக்குப் போர்த்தி எடுக்க மறந்த சாக்கு என்று வீட்டார் தங்கள் பங்குக்குச் செய்து வைத்திருப்பவை தனிக் கணக்கு.

இதற்கெல்லாம் கருவி இல்லாமலே கிடைக்கிற சாட்சி ஒன்று உண்டு. கூலிங் இல்லை என்கிறவர்களிடம், ராத்திரி எப்படி என்று கேட்டால், "பன்னிரண்டு மணிக்கு மேல ஜம்முனு இருக்கு, மத்தியானமும் பொழுது சாயிறப்பவும்தான் இல்ல" என்பார்கள். மதியம் போன கேஸ் நடுராத்திரியில் திரும்பி வராது. மாறியது வெளிக்காற்றின் சூடும் கரண்டும்தான். நம் நாட்டில் வீட்டு ஏசியின் கொள்ளளவைச் சோதிப்பது வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில். பெட்டியில் எழுதியிருக்கிற ஒன்றரை டன் அந்த 35 டிகிரிக்கு உரியது. கோவில்பட்டி வட்டாரத்தில் சித்திரை மதியம் 38, 39 டிகிரி சாதாரணம். வெயிலில் கொதிக்கும் மொட்டை மாடித் தளத்துக்கு ஒரு அடி மேலே இருக்கிற காற்று அதையும் தாண்டியிருக்கும். கேஸ் வெப்பத்தை வெளியே விட வேண்டுமானால் அந்தக் காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். தகடு அடைத்திருந்தால் இன்னும் பத்து டிகிரி. சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும், அழுத்தம் ஏறினால் கம்ப்ரஸர் அதிகக் கரண்ட் தின்று குறைவான வேலை செய்யும். ராத்திரி வெளிக்காற்று 27, 28-க்கு இறங்கும்போது அதே அடைத்த காயில்கூட சமாளித்துவிடுகிறது.

கூர்மையான மெக்கானிக் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: கொஞ்சமாகக் கேஸ் குறைந்த மெஷினும் ராத்திரியில் சமாளிக்கத்தானே செய்யும், அறையின் சூடு அப்போது குறைவு ஆயிற்றே? நியாயமான கேள்வி. ராத்திரிச் சாட்சி மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் கிளாம்ப் மீட்டர். வெளி யூனிட்டுக்குப் போகிற ஒற்றை வயரில் அதைக் கவ்வவிட்டுப் பார்த்தால், சாதாரண ஒன்றரை டன் மெஷினில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று தெரியும்; எவ்வளவு ஓட வேண்டும் என்பது யூனிட்டின் விலாவில் ஒட்டிய தகட்டிலேயே இருக்கிறது. கேஸ் குறைந்த மெஷினில் கம்ப்ரஸருக்கு அழுத்த எதுவும் போதுமானதாக இல்லை, அதனால் ஆம்பியர் குறையும். வெளிக்காயில் அடைத்த மெஷினில் அது முக்கி முனகி ஓடுகிறது, ஆம்பியர் கூடும். இரண்டு நோய்க்கும் வீட்டுக்காரர் சொல்கிற அறிகுறி ஒன்று, மீட்டர் சொல்வது எதிரெதிர். கேஜை மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இதை, கேஸ் போட்டு முடித்த பிறகு ஒப்புக்குப் பார்ப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

குழாய்களும் பேசும். பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏசிகளில் கேஸின் அழுத்தத்தை இறக்குகிற கேப்பிலரி வெளி யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால், வெளியே தெரிகிற மெல்லிய குழாய், தடித்த குழாய் இரண்டுமே குளிர்ந்திருக்க வேண்டும். தடித்த குழாயின் நட்டில் வேர்வை துளிர்க்க வேண்டும். மெல்லிய குழாய் வெள்ளையாக உறைந்து, தடித்தது சூடாகவே கிடந்தால் கேஸ் குறைவு என்ற சந்தேகம் நியாயம். தடித்ததும் சேர்ந்து ஐஸ் கட்டினால் பெரும்பாலும் குற்றவாளி உள்ளே இருக்கிறான்: ஃபில்டரில் அழுக்கு, அல்லது ப்ளோவர் உருளையின் இதழ்களில் அப்பிய அழுக்கு. "ஐஸே கட்டுது, அப்ப கூலிங் நல்லாத்தானே இருக்கு" என்று நினைத்துவிடக் கூடாது. காற்று போதாமல் காயில் உறைகிறது, உறைந்த ஐஸ் மிச்சக் காற்றையும் அடைக்கிறது.

கேஜ் முள் பொய் சாட்சி சொல்வதும் இந்த இடத்தில்தான். ஆர்22 கேஸ் உள்ள மெஷினில் ஓடும்போது 60, 70 பிஎஸ்ஐ, ஆர்32 மெஷினில் 115-லிருந்து 140 வரை இருக்க வேண்டும் என்பது தொழிலில் வாய்ப்பாடாக ஓடுகிற கணக்கு. உள் ஃபில்டர் அடைத்தால் காயிலுக்கு அறையின் வெப்பம் போதுமான அளவு வராது. கேஸ் கொதிப்பது குறையும், அழுத்தம் இறங்கும். ஆர்32 மெஷினில் முள் 90-ஐக் காட்டும். கேஸ் குறைவு என்று முள்ளைக் காட்டிச் சிலிண்டரைத் திறந்துவிட்டால் முள் 130-க்கு ஏறும், எல்லாருக்கும் திருப்தி. இப்போது அந்தச் சுற்றில் தேவைக்கு மேல் கேஸ் இருக்கிறது. பிறகு யாராவது ஃபில்டரைக் கழுவினால் அழுத்தம் இன்னும் ஏறி, ஏற்கனவே தூசி அடைத்த வெளிக்காயிலில் கம்ப்ரஸர் திணறும். அடுத்த புகார் வரும்போது அது கூலிங் புகாராக இருக்காது, கம்ப்ரஸர் புகாராக இருக்கும்.

இதற்கு ஊரில் இருக்கிற பதில் ஒன்றே ஒன்று: கேஸ் போட்டதும் கூலிங் வந்துவிட்டதே, கண்ணால் பார்த்தோமே? பார்த்தது உண்மை. ஆனால் கேஸ் போட வந்தவர் அதற்கு முன் என்னென்ன செய்தார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஃபில்டரைக் கழற்றித் தட்டியிருப்பார், வெளி யூனிட்டில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருப்பார், வேலை முடிகையில் பொழுது சாய்ந்திருக்கும். மூன்றுமே கூலிங்கைக் கூட்டும். எதனால் சரியானது என்று தெரிய வேண்டுமானால் முதலில் கழுவி, அரை மணி நேரம் ஓடவிட்டு, உள் யூனிட்டின் மேலே நுழையும் காற்றையும் கீழே வரும் காற்றையும் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகும் இல்லையென்றால்தான் கேஜுக்கு வேலை. உண்மையிலேயே கேஸ் குறைந்து, ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஊரிலேயே சாட்சி இருக்கிறது: "வருஷா வருஷம் கேஸ் போடுறோம்" என்கிற வீடுகள்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடலாம். "குழாயில தண்ணியே சொட்டல, அதான் கேஸ் இல்லன்னு தெரிஞ்சது" என்பார்கள். சொட்டுகிற தண்ணீர் அறைக்காற்றின் ஈரத்திலிருந்து வருவது. தூத்துக்குடி கடற்கரையில் ஒரு வாளி நிறையும். நாகலாபுரத்தில் ஆனி மாதத்து மதியம், மேல்காற்று காய்ந்து அடிக்கும்போது, நன்றாக ஓடுகிற மெஷினிலும் சொட்டு நிற்கலாம். இதில் நமக்கு லாபமும் இருக்கிறது. கடலோர ஊரில் மெஷினின் சக்தியில் ஒரு பங்கு ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே செலவாகும். இங்கே அது மிச்சம். காற்று காய்ந்திருப்பதால்தான் பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் வேரூன்றின. வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஏசியின் மூலமே ஓர் அச்சகம்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஈரக்காற்றில் தாள் விரிந்து சுருங்கி நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தார். மனிதருக்குக் குளிர் கொடுப்பது அப்போது நோக்கமே அல்ல. காய்ந்த காற்றில் தண்ணீர்க் கூலரே போதாதா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. பங்குனி, சித்திரையில் அது இங்கே சென்னையைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்கு ஊற்ற அந்த மாதங்களில் தண்ணீர் வேண்டுமே.

கரண்ட் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் ஐம்பது வோல்ட்தானே குறைகிறது என்று தோன்றும். சாதாரண கம்ப்ரஸர் மோட்டாரின் திருகுவிசை வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 180-இல் அது நூற்றுக்கு அறுபத்தொன்றுதான். பொழுது சாய்ந்து, ஊரே ஃபேனும் டிவியும் ஏசியும் போட்ட நேரத்தில், கம்ப்ரஸர் கிளம்ப முயன்று, உறுமி, ஓவர்லோடில் கட் ஆகிவிடும். உள் யூனிட்டின் ப்ளோவரோ 180-இலும் சுற்றும். காற்று வரும், குளிர் வராது. வீட்டுக்காரர் கண்ணுக்கு இது அசல் கேஸ் போன ஏசி. வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் காதைக் கொடுத்து நின்றால் தெரிந்துவிடும், உறுமலும் ஒரு கிளிக் சத்தமும் மாறி மாறி வரும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்றால், எந்த வோல்ட்டிலிருந்து தூக்கும் என்று அதன் முகப்பில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். 170-இலிருந்து தூக்குவதை வாங்கி வைத்துக்கொண்டு 150 வருகிற தெருவில் பயனில்லை. கம்ப்ரஸரைக் கிளப்புகிற கபாசிட்டர் தேய்வதும் இதே குடும்பத்து நோய்தான். மாடி வெயிலில் வெந்து வெந்து, 50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது நாற்பதாகத் தேய்ந்திருக்கும். ஃபேனுடைய சின்னக் கபாசிட்டர் தேய்ந்தாலோ ஃபேன் சுற்றும், ஆனால் மெதுவாக. சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிறவர் இதைக் கடந்து போய்விடுவார். சில நூறு ரூபாய் சாமான், ஆயிரக்கணக்கில் கேஸ் பில்லாக மாறுவது இப்படித்தான்.

இன்வெர்ட்டர் ஏசி வந்த பிறகு இதெல்லாம் பழைய கதை என்பவர்கள் உண்டு. வோல்ட் விஷயத்தில் ஓரளவு சரி. தூசி விஷயத்தில் நிலைமை மோசமாகியிருக்கிறது என்பேன். பழைய மெஷின் வெளிக்காயில் அடைத்தால் கட் ஆகி நின்று, ஊரைக் கூட்டும். இன்வெர்ட்டர் மெஷின் தன் வெப்பத்தை உணர்ந்து, கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எர்ரர் கோடும் வராது, கூலிங்கும் வராது. ஆம்பியர் வேறு குறைவாகக் காட்டும், கேஸ் குறைந்த மெஷின் மாதிரியே! அதனால் இன்வெர்ட்டரில் முதலில் காயிலைக் கழுவாமல் எந்த முடிவுக்கும் போகவே கூடாது. மேலே சொன்ன மீட்டர் விதி பழைய மெஷினுக்கு நூற்றுக்கு நூறு, இதற்குக் கழுவிய பிறகுதான்.

கேஸ் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. ஃப்ளேர் நட்டைச் சரியாக முறுக்காமல் விட்ட புது மெஷினில் போகும். உப்புக் காற்று அடிக்கிற வேம்பார் பக்கத்தில் காயில் அரித்து ஊசித் துளை விழுந்து போகும். அங்கே என் வரிசையில் கேஸை ஒரு படி முன்னே கொண்டுவர வேண்டியிருக்கும். போனதற்கு அடையாளமும் இருக்கும்: கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால் கசிகிற இடத்தில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரிசல் தூசி கறுப்பாக ஒட்டியிருக்கும். கண்ணில் படாவிட்டால் நைட்ரஜனால் அழுத்தி, சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். அடைத்த பிறகு வேக்கம் பம்ப்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, தகட்டில் எழுதியிருக்கிற எடைக்கு, தராசில் வைத்துத்தான் போட வேண்டும். வீட்டு மெஷினில் அந்த எடை பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இருநூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டையோடு விட்டு நிரப்புவதில் வீட்டுக்கு மட்டும் நட்டமில்லை. வானத்துக்குப் போகிற ஒரு கிலோ ஆர்32, புவியைச் சூடாக்குவதில் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஆர்22 என்றால் 1,810 கிலோ. ஆர்32 லேசாகத் தீப்பற்றவும் செய்யும். அடைத்த அறைக்குள் கசியவிட்டுப் பற்றவைப்பு வேலை செய்யக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் குளிராத அறைகளும் உண்டு, அங்கே குற்றம் ஏசியிடம் இல்லை. ஒரு டன் என்பது சுமார் மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தளம் பதினோரு சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் கொட்டும். அதாவது பதினோரு கிலோவாட் அந்தக் கூரைமேல் விழுகிறது. அதில் கால்பங்கு உள்ளே இறங்கினாலே ஒரு டன் மெஷினில் பெரும்பகுதி போய்விடும். தட்டோடு பதித்த பழைய மாடிகள் தாங்கும். வெறும் கான்கிரீட் தாங்காது, பகலில் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணி வரை உமிழும். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். கரிசல் மண்ணில் அஸ்திவாரம் அசைந்து, கதவு நிலைக்கு மேலே மூலையில் விடுகிற வெடிப்புகளும் சூட்டுக்காற்றுக்கு வாசல். சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ மாடியில் அடித்துவிட்டு அடுத்த நாள் ஏசியைப் போட்டுப் பார்க்கச் சொன்னால், சிலர் மெக்கானிக் வேலையைத் தட்டிக்கழிக்கிறான் என்று நினைக்கிறார்கள்.

வேலையைத் தட்டிக்கழிப்பதில் மெக்கானிக்குக்கு நட்டம்தான், அதையும் மறைக்கத் தேவையில்லை. கழுவினால் சில நூறு, கேஸ் என்றால் சில ஆயிரம். கோவில்பட்டியிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ பைக்கில் இவ்வளவு தூரம் வந்து, சந்துக்குள் புகுந்து, காயிலைக் கழுவிவிட்டு ஐநூறு கேட்டால் "தண்ணி ஊத்துனதுக்கா ஐநூறு?" என்பவர்கள், கேஸ் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில், கண்டுபிடிக்காமலே நிரப்புகிற தொழில்தான் வளரும். நோயைப் பார்ப்பதற்குத் தனியாக, சரிசெய்வதற்குத் தனியாகக் கூலி என்று பேசிக்கொள்வது இரண்டு தரப்புக்கும் நல்லது.

கழுவுவதிலும் செய்முறை இருக்கிறது. வெளி யூனிட்டின் மெயினை அணைத்து, மேல்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் பொட்டும் களியும் இன்னும் உள்ளேதான் போகும். பிரஷர் பம்ப்பைக் கிட்டே பிடித்தால் தகடு சாய்ந்து மடியும், பிறகு தூசியே இல்லாமல் அடைப்பு. இந்த வட்டாரத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் வெள்ளைப் படிவாகத் தகட்டில் நின்று அலுமினியத்தை அரிக்கும். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் ஒரு குடமாவது கடைசியில் ஊற்றி அலச வேண்டும். உள் ஃபில்டரை வீட்டாரே பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவலாம், அதற்கு ஆள் தேவையில்லை. வெளிக்காயிலுக்கு வருஷத்தில் இரண்டு தடவை போதும்: மாசிக் கடைசியில், களத்தில் தூற்றி முடிந்த பிறகு ஒன்று, ஆடிக்காற்று ஓய்ந்து ஆவணியில் ஒன்று. தையிலேயே கழுவி வைத்தால் உளுந்தம் பொட்டு மறுபடி ஏறிவிடும்.